எட்டாம் வகுப்பில் கேட்காத காந்தாரம்

பழைய மாணவர் சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், பள்ளி நினைவாக இருந்தால் நல்லது என்று செயலாளர் கேட்டார். கிரிக்கெட்டைப் பற்றியோ விடுதியைப் பற்றியோ எழுதத்தான் முதலில் நினைத்தேன். அவற்றை என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எனக்கு எழுத விருப்பம் ரொறன்ரோவில் கிற்றார் சொல்லித்தந்த என் மாஸ்டரைப் பற்றி. ஆனால் அதைத் தொடங்க நம் கல்லூரியின் சங்கீத அறைக்குத்தான் போக வேண்டும்.

1981, எட்டாம் வகுப்பு. சீமெந்துத் தரையில் பாய் விரித்திருக்கும். ஒருநாள் ரீச்சர் தம்புராவை மீட்டிக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, குடத்தில் காதை வைக்கச் சொன்னார். "நான் மீட்டுறது சட்ஜமும் பஞ்சமமும்தான். அதுக்குள்ள காந்தாரம் தானா எழும்பும். கேட்குதோ?" ச, ப இரண்டையும் மீட்ட, மீட்டாத க சுரமும் கேட்குமாம். எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாரும் கேட்குது என்றார்கள். நானும் கேட்குது என்றேன். எனக்குக் கேட்கவில்லை. ரீச்சர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, போய் இரும்" என்றார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

2012ஆம் ஆண்டு மார்கழி. ரொறன்ரோவில் வேலை முடிந்து கென்னடி நிலையத்தில் ரயிலுக்கு நிற்கிறேன். எங்கோ நாதஸ்வரம் கேட்கிறது. அளவெட்டி பத்மநாதன் திருவிழா இரவில் வாசிக்கும்போது ஒரு சுரத்தைப் பிடித்து, அதை விடாமல் அடுத்ததற்கு இழுத்துப் போவாரே, அப்படி ஒரு இழுப்பு. சத்தத்தைத் தேடிப் போனால், தலை நரைத்த ஒரு வெள்ளைக்காரர் கதிரையில் உட்கார்ந்து, கிற்றாரை மடியில் மல்லாக்கப் போட்டு, கம்பிகளின் மேல் ஒரு உருக்குத் துண்டை வழுக்கிக்கொண்டிருக்கிறார். நான்கு ரயில்களைப் போகவிட்டேன். அப்புறம் கிட்டப் போய், இதை எனக்குச் சொல்லித்தருவீர்களா என்று கேட்டேன். அவர் என்னைக் கேட்ட ஒரே கேள்வி, "உன்னால் மெதுவாக வாசிக்க முடியுமா?"

அங்கே எல்லாரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு நாக்கு வரவில்லை. ஊரில் இப்படிப்பட்டவரை மாஸ்டர் என்போம் என்று சொன்னேன். பிடித்துப்போய்விட்டது. அன்றிலிருந்து அவர் எனக்கு மாஸ்டர்தான், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அந்தக் கிற்றாரின் பெயர் டோப்ரோ. சாதாரணக் கிற்றாரில் துளை இருக்கும் இடத்துக்குக் கீழே வட்டமான உலோக மூடி இருக்கும். முதல் நாளே மாஸ்டர் அதைக் கழற்றிக் காட்டினார். உள்ளே மெல்லிய அலுமினியத்தில் பத்தரை அங்குலக் கிண்ணம் ஒன்று. அதன் மேல் எட்டுக் கால்களை விரித்துச் சிலந்தி போல ஒரு வார்ப்பு. கம்பியின் அதிர்வு சிலந்தியின் கால் வழியே கிண்ணத்துக்குப் போகிறது, ஒலிபெருக்கியின் கூம்பு போலக் கிண்ணம் அதிர்கிறது. மின்சாரம் இல்லாத ஒலிபெருக்கி.

அது பிறந்த கதையை மாஸ்டர் பல தடவை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வது போலத்தான். 1920களில் பித்தளைக் குழல்களும் மேளங்களும் நிறைந்த வாத்தியக் குழுக்களுக்குள் கிற்றாரின் சத்தம் எடுபடவில்லை. ஜோர்ஜ் போஷாம்ப் என்ற அமெரிக்கக் கலைஞர், ஜோன் டோப்யேரா என்ற ஸ்லோவாக்கிய வம்சாவளிக் கைவினைஞரிடம் சத்தமான கிற்றார் ஒன்று செய்து தரச் சொன்னார். 1927இல் மூன்று கூம்புகளோடு 'நஷனல்' கிற்றார் வந்தது. மறு வருடமே டோப்யேரா பிரிந்து, சகோதரர்களோடு சேர்ந்து ஒற்றைக் கிண்ணத்தோடு இதைச் செய்தார். டோப்யேரா சகோதரர்கள் என்பதன் சுருக்கம்தான் டோப்ரோ. ஸ்லோவாக் மொழியில் அந்தச் சொல்லுக்கு 'நல்லது' என்றும் பொருள். சில வருடங்களில் மின்சாரக் கிற்றார் வந்ததும் இதன் தேவையே போய்விட்டது. சத்தத்துக்காகச் செய்த வாத்தியம், அதன் குரலுக்காகத்தான் பிழைத்தது என்பார் மாஸ்டர். 1955இல் ஃபிளாட், ஸ்கிரக்ஸ் என்ற அமெரிக்க இசைக் குழுவில் சேர்ந்த ஜோஷ் கிரேவ்ஸ், பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தின் மூன்று விரல் வாசிப்பை இதற்குக் கொண்டுவந்தார். மாஸ்டர் அந்த வழியில் வந்தவர்.

அவருடைய வீடு டான்ஃபோர்த் வீதியிலிருந்து இரண்டு தெரு உள்ளே. நிலவறையில் வகுப்பு. குளிர்காலத்தில் ஹீட்டர் காற்று மரத்தை உலர்த்தி வெடிக்க வைத்துவிடும் என்று, துளை போட்ட சோப்புப் பெட்டிக்குள் ஈரப் பஞ்சு வைத்து ஒவ்வொரு கிற்றார்ப் பெட்டியிலும் போட்டிருப்பார். முதல் ஆறு கிழமைகள் பாட்டே கிடையாது. ஒரு சுரம். உருக்குத் துண்டை, கிற்றாரின் கழுத்தில் குறுக்கே ஓடும் கட்டுக் கோட்டுக்கு நேர் மேலே நிறுத்த வேண்டும். கம்பிகள் உயரத்தில் இருப்பதால் அழுத்துவதற்கு எதுவும் இல்லை, கோடு வெறும் அடையாளம். ஒரு மயிரிழை முன்னால் போனால் சுரம் கூடும், பின்னால் வந்தால் குறையும். துண்டுக்குப் பின்னால் மோதிர விரலும் சின்ன விரலும் கம்பியைத் தடவிக்கொண்டே வர வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாத கிரீச்சொலி எழும். என் விரல்கள் தூக்கும்போதெல்லாம் பென்சிலால் மெதுவாகத் தட்டுவார். பேச மாட்டார்.

ஏழாவது கிழமை நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். டோப்ரோவின் ஆறு கம்பிகளும் மேற்கத்தியச் சுரப் பெயரில் ஜி, பி, டி, மறுபடி ஜி, பி, டி. நம் கணக்கில் சுருதி ஐந்து கட்டை. ச க ப, ச க ப. என் மகள் பாடுவதும் ஐந்து கட்டையில்தான். அதனால் அவளுடைய மின் சுருதிப்பெட்டியை எடுத்துப் போயிருந்தேன். அதைப் போட்டு வைத்து, சுருதி சரியா என்று விளக்கால் காட்டும் ரியூனரைப் பார்த்து ஒவ்வொரு கம்பியாகச் சேர்த்தேன். ஆறுக்கும் பச்சை விளக்கு. கிற்றாரை ஒருதடவை முழுதாக மீட்டினேன். மாஸ்டர் தலையை ஆட்டினார், இல்லை என்று.

ரியூனரை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தடித்த ஜி கம்பியில், நான்காவது கோட்டுக்குக் கொஞ்சம் பின்னால், விரலைப் படாமல் பட வைத்து மீட்டினார். மேலே எங்கோ மணி போல ஒரு சுரம் எழுந்தது. அது நிற்கும்போதே இரண்டாவது கம்பியை மீட்டினார். இரண்டு சத்தமும் ஒன்றையொன்று தள்ளின. நொடிக்கு நான்கு தடவை போல ஒரு நடுக்கம். "கேள்" என்று சொல்லிக்கொண்டு முறுக்காணியைத் தளர்த்தினார். நடுக்கம் மெதுவானது. இன்னும் மெதுவானது. ஒரு மூச்சு விடும் நீளத்துக்கு வந்து, நின்றுவிட்டது. நிலவறையே ஒரு சுரமாக இருந்தது.

"இந்த பி சுரத்தை நான் உண்டாக்கவில்லை. ஜி கம்பிக்குள்ளேயே அது இருக்கிறது. கம்பி முழுதாக அதிரும்போதே ஐந்தில் ஒரு பங்காகவும் அதிர்கிறது. ரியூனர் அரைச்சுரத்தை நூறாகப் பிரித்தால் அதில் 14 பங்கு கூட்டித்தான் பச்சை காட்டும். உன் பெட்டியோடு வாசிக்கும்போது கம்பி சொல்வதைக் கேள்."

ஐந்தில் ஒரு பங்கு. ரீச்சர் சொன்ன அதே காந்தாரம், அந்தர காந்தாரம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ரீச்சரின் தம்புராவைப் பற்றியும், நான் சொன்ன பொய்யைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். முப்பது வருடத்தில் யாரிடமும் சொல்லாதது. அவர் கேட்டுவிட்டு, அந்த ஜி கம்பியை மறுபடி மீட்டி, என் தலையைப் பிடித்துக் கிற்றாரின் மேல் காதை வைத்தார். கேட்டது.

அதற்குப் பிறகு நான்கு வருடம் அவரிடம் படித்தேன். ஒருநாள் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளின் கோட்டு வாத்தியப் பதிவு ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டேன். கட்டுக் கோடே இல்லாத வாத்தியம், மரத் துண்டால் வழுக்கி வாசிப்பது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் ஒன்றும் சொல்லாமல், அதில் வந்த ஒரு கமகத்தை, அந்தச் சுர அசைவை, அரை மணி நேரம் தேடினார். வராத இடத்தில் நிறுத்தி, அதை மறுபடி போடச் சொல்வார். எழுபது வயதில் அவர் அப்படி மாணவராக உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததுதான் நான் அவரிடம் பெற்ற பெரிய பாடம். பிறகு அவர் மகளோடு இருக்க நோவா ஸ்கோஷியாவுக்குப் போய்விட்டார். மாதத்தில் ஒருநாள் பேசுவோம்.

போன தைப்பொங்கலன்று, கொக்குவிலில் இருக்கும் ரீச்சரைத் தொலைபேசியில் பிடித்தேன். எழுபதைத் தாண்டிவிட்டார், குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. 1981இல் பொய் சொன்னதைச் சொன்னேன்.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும் தம்பி. நீர் கேட்பீர் எண்டும் தெரியும்" என்றார்.

டோப்ரோவை மடியில் போட்டு, தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஆறு கம்பியையும் மெதுவாக மீட்டினேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"காந்தாரம் நல்லா நிக்குது. மேல் பஞ்சமம் கொஞ்சம் இறங்கியிருக்கு, சரிபண்ணும்."

முதல் கம்பியின் முறுக்காணியைத் துளி ஏற்றினேன்.

"ம்ம். இப்ப வாசியும்."