சானடோரியமா, வீடா?
காசநோயாளியைச் சானடோரியம் என்னும் காற்றோட்டமான தனி மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுக்கவைத்துச் சத்துணவு ஊட்டினால்தான் குணமாகும் என்று மருத்துவ உலகம் நம்பியிருந்த காலத்தில், 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் கீமோதெரபி (மருந்துச் சிகிச்சை) மையம், நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு வீட்டிலும் ஐசோநயசிட், பாஸ் என்னும் அதே மருந்துகளை ஓராண்டு கொடுத்துப் பார்த்தது. வீட்டிலிருந்தவர்களுக்கு ஊட்டமான உணவும் இல்லை, போதிய ஓய்வும் இல்லை. ஆயினும் குணமடைந்தோர் விகிதத்தில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. என்னை இன்னும் வியக்கவைப்பது, வீட்டில் சிகிச்சை பெற்றவர்களுடன் ஒரே அறையில் உறங்கிய குடும்பத்தாருக்குக்கூட, மற்றப் பிரிவினரின் குடும்பத்தாரைவிட அதிகமாக நோய் பரவவில்லை என்பதுதான். 1959-இல் வெளியான இந்த முடிவுகள், செல்வந்த நாடுகளிலும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு வலுச்சேர்த்தன.