பிங்க் கலர் வந்தா நல்லதுன்னு நெனச்சேன்

கார்த்திகை மாசம், ராத்திரி ரெண்டு மணி இருக்கும், அப்பத்தா கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி சீலிங் பேந்து விழுந்துச்சு. நல்லவேளை யாருக்கும் ஒண்ணும் ஆகல. நான் சென்னையில ஹாஸ்டல்ல இருந்தேன், காலைல அம்மா போன்ல சொல்லிட்டு "நீ இதத்தானே படிக்கிற, என்னன்னு பாரு"ன்னு சாதாரணமா வச்சுட்டாங்க, எனக்குத்தான் அன்னைக்கு முழுக்க ஒரு வேலையும் ஓடல.

நான் படிக்கிறது பி.ஆர்க்., அதாவது கட்டடக்கலை. அஞ்சு வருஷம், இப்ப நாலாவது. பாம்பன்ல எங்க தெருவுல இன்னும் எல்லாருக்கும் நான் சிவில் இன்ஜினியர்தான், சொல்லிச் சொல்லி அலுத்துப் போயி விட்டுட்டேன்.

உள்ள நடக்குறதும் ஒண்ணும் பெருசா இல்லங்க. டிசைன் ஸ்டுடியோதான் ராஜா. ராத்திரி பூரா முழிச்சு ஷீட் போட்டு, மாடல் ஒட்டி, ஜூரியில, அதாவது மார்க் போடுறவங்க முன்னாடி, நின்னு திட்டு வாங்கணும். பில்டிங் சயின்ஸ், மெட்டீரியல்ஸ் எல்லாம் பாஸ் பண்ணா போதும்னு சீனியர்ஸ் மொத வாரமே சொல்லிருவாங்க, நானும் அப்படித்தான் இருந்தேன், உண்மையச் சொன்னா மூணாவது செமஸ்டர்ல மெட்டீரியல்ஸ்ல பார்டர் மார்க்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்ததும் மொத வேலையா ஸ்டூல் போட்டு ஏறிப் பாத்தேன். கம்பி தெரியுது, தெரியுதுன்னா கம்பின்னு சொல்ல முடியாது, பழைய கருவாடு மாதிரி ஏடு ஏடா உரியுது. துருவுக்கு இரும்ப விட இடம் அதிகம் வேணும், அது ஊதி ஊதி கான்கிரீட்ட உள்ள இருந்தே தள்ளும், பேந்து விழுறது அதனாலதான். ஸ்கேல் வச்சுப் பாத்தா கம்பிக்குக் கீழ கான்கிரீட் 12 மி.மீ. தான் இருக்கு. கான்கிரீட்டுக்கான இந்திய விதிப்புத்தகம் ஐஎஸ் 456:2000 எங்கள மாதிரி கடக்கரை இடத்த "சிவியர்"னு சொல்லுது, அதுக்கு கவர், அதாவது கம்பிய மூடுற கான்கிரீட், 45 மி.மீ., கான்கிரீட்டோட தரம் கொறஞ்சது எம்30. இந்த டேபிள மனப்பாடம் பண்ணி எழுதி ரெண்டு மார்க்கும் வாங்கிருக்கேன், அப்பல்லாம் தலைக்கு மேல இருக்குற சீலிங் ஒரு தடவ கூட ஞாபகம் வரல.

அப்பாகிட்ட கேட்டேன், கவர் பிளாக் வச்சாங்களாப்பான்னு, கம்பி பலகையில படாம தூக்கி வைக்கிற சின்னக் கட்டி அது. "ஜல்லியத்தான் அங்கங்க சொருகுனாங்க தாயி, கொத்தனாருதான் போதும்னாரு"ன்னாரு. தண்ணி எங்க இருந்துன்னேன். வீட்டுக்குப் பின்னாடி உப்புத்தண்ணிக் கெணறு. குடிக்க ஊத்துத் தண்ணி எடுக்க அரை மைல் நடந்த காலம், கலவைக்கு யாரு அந்தத் தண்ணிய குடுப்பா.

விழுந்த கட்டியில பெருசா ஒண்ண பேப்பர்ல சுத்தி பையில போட்டு ட்ரெயின்ல காலேஜுக்கு கொண்டு போனேன். பக்கத்து சீட்டு அக்கா பலகாரமான்னு கேட்டாங்க. லேப்ல இருக்குற அண்ணன் சுத்தியலால ரெண்டா ஒடச்சு, புதுசா ஒடஞ்ச பக்கத்துல பினாப்தலின்ங்கிற கெமிக்கல் அடிச்சாரு. நல்ல கான்கிரீட் காரத்தன்மையோட இருக்கும், பிஹெச் 12, 13 கிட்ட, அது இருந்தா பிங்க் ஆகும். காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைடு உள்ள போயி காரம் செத்துப் போயிருந்தா கலரே வராது. எனக்கு கலர் வராதுன்னு உறுதி, கம்பிதான் அப்படி துருப்பிடிச்சிருக்கே.

வந்துச்சு. ஓரத்துல கொஞ்சம் தவிர மத்த எடமெல்லாம் நல்ல ரோஸ் பவுடர் மாதிரி பிங்க். நான் அப்பாடா, கான்கிரீட் நல்லாத்தான் இருக்குன்னேன். அண்ணன் ஒண்ணும் சொல்லாம இன்னொரு பாட்டில எடுத்தாரு, சில்வர் நைட்ரேட். இன்னொரு துண்டுல அடிச்சதும் கம்பி ஒட்டியிருந்த தடம் வரைக்கும் வெள்ள வெள்ளயா படிஞ்சுச்சு. உப்பு. காரம் இருக்குற வரைக்கும் கம்பி மேல ஒரு மெல்லிசான படலம் காவல் காக்கும், உப்புல இருக்குற குளோரைடு வந்தா காரம் நல்லா இருக்கும்போதே அந்தப் படலத்த ஓட்ட போட்டுரும். கலவையிலயே பாதி உப்பு, மீதி காத்துல.

அந்த காத்து கதையும் இருக்கு. கிளைமேட்டாலஜியில விண்ட் ரோஸ்னு ஒண்ணு போடணும், எந்தத் திசையில இருந்து எத்தன நாள் காத்துன்னு பூ மாதிரி வரைவோம். நான் பாம்பன் வானிலை நிலைய டேட்டாவ வச்சு வரஞ்சேன். வடகிழக்குல ஒரு பெரிய இதழ், தென்மேற்குல இன்னொண்ணு. அப்பாகிட்ட காட்டுனேன், தலைகீழா புடிச்சுப் பாத்துட்டு நானே திருப்பி குடுத்ததும் வடகிழக்கு இதழ்ல வெரல வச்சு "இது வாடையும் கொண்டலும் கலந்து அடிக்கிறது, அப்ப வடகடல் பொங்கும்." அடுத்து தென்மேற்கு இதழ்ல வச்சு "இது சோளகத்துக்கும் கச்சானுக்கும் நடுவுல, அப்ப தென்கடல் ஆவாது"ன்னுட்டு, "இதுக்கா ஒரு வாரம் தூங்காம கெடந்த?"ன்னாரு. அப்பத்தா ரூம் ஜன்னல் எந்தப் பக்கம்னு நெனைக்கிறீங்க? கச்சான் அடிக்கிற மேற்குப் பக்கம்தான்.

தனுஷ்கோடிக்கு எல்லா ஆர்க்கிடெக்சர் காலேஜும் பஸ் கட்டி வருவாங்க, நாங்களும் போனோம். 1964 புயல்ல போன சர்ச்சு, முருகைக்கல்லும் சுண்ணாம்பும், சுவரு மட்டும் நிக்குது. பழைய டெக்னாலஜியே டெக்னாலஜின்னு கூட வந்தவங்க உருகுனாங்க. எனக்கு அப்படித் தோணல, உள்ள கம்பி இல்ல, அதனால துருப்பிடிக்க ஒண்ணும் இல்ல, அவ்ளோதான். அந்தக் கல்லு கடலுக்குள்ள உயிரோட இருந்த பவளப்பாறை. மன்னார் வளைகுடாவுல 1986லயே தேசியப் பூங்கா அறிவிச்சாச்சு, இப்ப கல்ல எடுத்தா கேஸு. எடுக்கவும் கூடாது. இந்தப் பக்கம் 2025 ஏப்ரல்ல தெறந்த புது ரயில் பாலத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போட்டிருக்காங்க, அந்த வெலைக்கு எங்க தெருவே வித்தாலும் பத்தாது.

ரிப்பேர் பத்தி சார்கிட்ட கேட்டேன். பேந்த எடத்த மட்டும் பூசுனா, புதுப்பூச்சுக்குப் பக்கத்துலயே அடுத்த துரு கெளம்பும்னாரு, ஏன்னா சுத்தி இருக்குற கான்கிரீட்ல உப்பு அப்படியேதான் இருக்கு. உப்பு ஏறுன கான்கிரீட்ட கம்பிக்குப் பின்னாடி வரைக்கும் கொத்தி எடுக்கணும், முடியலேன்னா அந்த ஸ்லாபையே எறக்கிட்டு புதுசா போடணும். அப்பா எல்லாத்தையும் கேட்டுட்டு, மீன்பிடி தடைக்காலம் முடிஞ்சு படகு கடலுக்குப் போனதும் பாப்போம்னாரு. ஜூன் 14 வரைக்கும் தடை.

அப்பத்தா கட்டில பின்னாடி ஓலைக்கொட்டகைக்கு மாத்தியாச்சு. காத்து நல்லா வருதாம், இனிமே உள்ள வரமாட்டேன்னு சொல்லுது. கவர் பிளாக் ஒரு மூட்டை வாங்கி வந்து கொட்டகை மூலையில வச்சிருக்கேன், 45 மி.மீ., நானே அளந்து பாத்து வாங்குனது.