ரோஜர் கிரேசியின் கிராஸ் சோக்

பிரேசிலிய ஜியு-ஜிட்சு என்ற பிடிச்சண்டைக் கலையில் வெள்ளை பெல்ட் கட்டிய புதியவர் ஆரம்பத்திலேயே கற்றுக்கொள்ளும் பிடி, மவுண்டில் (மல்லாந்து கிடக்கும் எதிராளியின் உடம்பின் மேல் இருபக்கமும் காலைப் போட்டு) உட்கார்ந்து, அவர் உடையின் காலரைக் குறுக்காகப் பிடித்துக் கழுத்தை நெரிக்கும் கிராஸ் காலர் சோக். அதை வைத்தே உலகத் தரக் கறுப்பு பெல்ட்காரர்களைத் தாங்களே கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள வைத்தவர் ரோஜர் கிரேசி. வரப்போவது என்னவென்று எதிராளிக்குத் தெரியும். தெரிந்தும் தப்ப முடியாது.

சூட்சுமம் முதல் கையில். உள்ளங்கை மேல்நோக்கி, நான்கு விரல்களும் காலருக்குள், காதுக்குப் பின்னால் பிடரி வரை நுழைய வேண்டும். பலரும் காறையெலும்பு உயரத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் தொண்டைதான் வலிக்கும். கழுத்தின் இருபக்க ரத்தக்குழாய்கள் அடைபடாது. எதிராளி இடுப்பைத் தூக்கி உருட்டப் பார்த்தால், காலியாக இருக்கும் கையைத் தரையில் ஊன்றிக்கொள்ளலாம். அதனால்தான் இரண்டாவது கைக்கு அவசரமே கூடாது. அது மறுபக்கக் காலருக்குப் போனதும் மணிக்கட்டைத் திருப்பி, முழங்கைகளை விலாவோடு இழுத்து, மார்பைத் தாழ்த்தினால் முடிந்தது. முழங்கை விரிந்தால் பிடியும் தளரும், அந்தக் கையையே கட்டி உருட்டியும் விடுவார்கள்.

என்னைக் கேட்டால் சோக்கைவிட அந்த மவுண்ட்தான் பயங்கரம். முழங்கால்கள் அக்குள் வரை ஏறிவிடும்.

கி என்ற காலர் வைத்த உடை இல்லாமலும் சளைத்தவரல்ல: 2005-இல் கி இல்லாமல் நடந்த ஏடிசிசி உலகப் போட்டியில் எடைப்பிரிவு, எடை வரம்பில்லாத ஓபன் இரண்டிலும் மோதிய 8 பேரையும் பிடி போட்டே முடித்தார். 2017-இல் ரியோவில் கடைசிப் போட்டி. உலகச் சாம்பியன் புச்சேச்சாவின் முதுகில் ஏறிக் காலரால் நெரித்து வென்றார். அப்போது அவருக்கு வயது 35, புச்சேச்சாவுக்கு 27.