ஒரு 'அ'வை அழிக்க மூன்று ஞாயிறு

எக்ஸ்வி6-இல் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லில் சும்மா ஒரு 'அ' அடித்துப் பார்த்தேன். திரையில் அழகாக வந்தது. பேக்ஸ்பேஸ் ஒரு தட்டு, போய்விட்டது. பரவாயில்லையே என்று எல்எஸ் அடித்து என்டர் தட்டினால், கோப்புப் பட்டியலுக்குப் பதிலாக 'எக்ஸெக் ஃபெயில்ட்' என்று வருகிறது. அந்தச் செய்தியில் எல்எஸ்ஸுக்கு முன்னால் ஒரு கேள்விக்குறிக் கட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் அடித்த வரியில் அப்படி எதுவும் இல்லை.

மறுபடி 'அ' அடித்து, இந்தத் தடவை மூன்று பேக்ஸ்பேஸ். முதல் தட்டில் எழுத்து போனது. இரண்டாவதில், 'கட்டளை அடி' என்று காத்திருக்கும் டாலர் குறி ப்ராம்ப்ட்டை ஒட்டிய இடைவெளி. மூன்றாவதில் டாலர் குறியே போய், வெறும் கருந்திரை.

எக்ஸ்வி6 தெரியாதவர்களுக்கு: எம்.ஐ.டி.யில் 2006-இல் பாடம் நடத்துவதற்காக எழுதத் தொடங்கிய குட்டி இயங்குதளம். 1975-இல் வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் அமைப்பைப் பெரும்பாலும் பின்பற்றி, இன்றைய சி மொழியில் எழுதியது. 2019-இலிருந்து ரிஸ்க்-ஃபைவ் செயலிக்கு மாறிவிட்டது. இயங்குதளத்தின் மையமான கெர்னல் மொத்தமும் பத்தாயிரம் வரிக்குள் முடிந்துவிடும். லினக்ஸ் கெர்னலைத் திறந்து பார்த்து, மலைத்து, மூடி வைத்த என் போன்றவர்களுக்கு இதுதான் தோது. கியூஎமு என்ற போலிக் கணினிக்குள் ஓடுவதால் எதைக் கெடுத்தாலும் நஷ்டமில்லை.

முதல் ஞாயிறு, விசைப்பலகையையும் திரையையும் கவனிக்கும் கன்சோல் நிரல் கோப்போடு போனது. நாம் அடிப்பதெல்லாம் 128 பைட் கொண்ட ஒரு பஃபரில், அதாவது தற்காலிகச் சேமிப்பிடத்தில், சேர்கிறது. பேக்ஸ்பேஸ் வந்தால் கெர்னல் இரண்டு காரியம் செய்கிறது: பஃபரின் கடைசி பைட்டைக் கழிக்கிறது, திரைக்கு 'ஒரு கட்டம் பின்னால் போ, வெற்றிடம் போடு, மறுபடி பின்னால் வா' என்று அனுப்புகிறது. ஆங்கிலத்தில் ஒரு எழுத்து, ஒரு பைட், ஒரு கட்டம். கணக்கு நேராக இருக்கிறது. எழுத்துகளை பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் 'அ' என்பது 224, 174, 133 என்று மூன்று பைட். திரையில் ஒரே கட்டம். ஒரு தட்டில் 133 மட்டும் கழிந்து, 224-ம் 174-ம் பஃபரிலேயே உட்கார்ந்திருக்க, கண்ணுக்கு மட்டும் வரி சுத்தமாகத் தெரிந்திருக்கிறது. ஷெல் தேடியது எல்எஸ்ஸை அல்ல, அந்த இரண்டு மிச்ச பைட்டோடு சேர்ந்த எல்எஸ்ஸை.

திருத்தம் ஒரு சின்ன வைல் லூப்தான். யூடிஎஃப்-8-இல் ஒரு எழுத்தின் தொடர்ச்சியாக வரும் பைட் எப்போதும் 128-இலிருந்து 191-க்குள் இருக்கும். தொடக்க பைட் ஒருபோதும் அந்த வரம்புக்குள் வராது. ஆகவே தொடக்க பைட் சிக்கும்வரை பின்னால் போய்க்கொண்டே இருந்தால் போதும். 1992-இல் இந்தக் குறியாக்கத்தை வடிவமைத்தவர்கள் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரும் அதே தாம்ப்சன்தான். அவருடைய பழைய வீட்டின் ஒழுகலை அவருடைய புது ஓட்டை வைத்தே அடைத்த மாதிரி ஆயிற்று. வரி முழுவதையும் அழிக்கும் கன்ட்ரோல்-யூவிலும் இதே கோளாறு இருந்தது. இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஃபங்க்ஷன் எழுதினேன். அந்த ஃபங்க்ஷனுக்குள்ளும் பழக்கதோஷத்தில், கன்சோலை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொடவிடும் லாக்கை எடுத்துவைக்க, முதல் பேக்ஸ்பேஸிலேயே 'பேனிக்: அக்வயர்' என்று மொத்தமும் நின்றது. கூப்பிட்டவர் கையிலேயே லாக் இருக்கிறது, நான் இன்னொரு தடவை கேட்டிருக்கிறேன்.

லினக்ஸில் இது பழைய கதை. 2.6.4 பதிப்பிலேயே ஐயூடிஎஃப்8 என்று ஒரு ஃபிளாக் சேர்த்துவிட்டார்கள். அது செய்வதும் இதே வேலைதான்.

முடிந்தது என்று நினைத்து 'கி' அடித்து அழித்தேன். சரியாக 'க' மிஞ்சியது. 'கீ' அடித்து அழித்தேன். திரையில் முழு எழுத்தும் போய்விட்டது, பஃபரில் 'க' இருக்கிறது! ஒரு கொக்கி வித்தியாசத்துக்கு இவ்வளவு பாரபட்சமா?

காரணம் யூனிகோட் அட்டவணையில் கிடைத்தது. இகரக் குறி அங்கே இடம் எடுத்துக்கொள்ளும் குறி. ஈகாரக் குறியும் புள்ளியும் இடம் எடுக்காத குறிகள். எழுத்துகளைத் திரையில் காட்டும் என் டெர்மினல் அதை அப்படியே மதித்து, 'கி'க்கு இரண்டு கட்டமும் 'கீ'க்கு ஒரே கட்டமும் ஒதுக்குகிறது. கெர்னலோ எழுத்துக்கு ஒரு கட்டம் என்று கண்ணை மூடிக்கொண்டு அழிக்கிறது. இரண்டாவது ஞாயிறு இதற்கே சரியாகப் போனது. கடைசியில் செய்தது இது: கழிபடுவது ஈகாரக் குறியோ புள்ளியோ ஆனால், திரையில் ஒரு கட்டம் பின்னால் போய், அதற்கு முன்னால் பஃபரில் இருக்கும் எழுத்தின் மூன்று பைட்டைத் திரும்ப அனுப்புவது. டெர்மினல் அந்தக் கட்டத்தில் வெறும் 'க'வை எழுதிவிடும், கொக்கி தானாகப் போய்விடும். வேலை செய்கிறது. ஆனால் கெர்னலுக்குள் தமிழ் இலக்கணத்தை எழுதிவைத்ததில் எனக்கே சங்கடம்தான். இது ஷெல்லின் வேலை. எக்ஸ்வி6 ஷெல்லில் அதற்கு வசதி இல்லாததால் இப்போதைக்கு இப்படி.

அடுத்து கோப்புப் பெயர். எக்கோ கட்டளையில் ஒரு வரி எழுதி 'வணக்கம்' என்ற கோப்புக்குத் திருப்பிவிட்டு, எல்எஸ் போட்டேன். 'வணக்' வரைக்கும் வந்து, பிறகு அந்தக் கேள்விக்குறிக் கட்டம். பழைய யூனிக்ஸ் போலவே இங்கும் கோப்புப் பெயருக்கு 14 பைட்தான். 'வணக்கம்' புள்ளிகளையும் சேர்த்து ஏழு குறியீடு, 21 பைட். நாலு குறியீட்டுக்கு 12 பைட் போக, ஐந்தாவதான 'க'வில் இரண்டு பைட்டோடு கத்தி விழுந்துவிட்டது. பிழைச் செய்திகூட இல்லை. சத்தமில்லாமல் வெட்டிவிடுகிறது.

14-ஐ 40 ஆக்கினேன். கோப்பு முறைமையை உருவாக்கும் எம்கேஎஃப்எஸ் நிரல் அங்கேயே அசெர்ட் சோதனையில் தோற்று நின்றது. பெயரோடு, கோப்பை அடையாளம் காட்டும் ஐநோட் எண்ணுக்கு இரண்டு பைட் சேர்ந்து 42. 1024 பைட் பிளாக்கை அது மீதியில்லாமல் வகுக்காது. 62 வைத்தால் 64. இப்போது இருபது குறியீடுகள் கொள்ளும். லினக்ஸில் 255 பைட், அதாவது 85 குறியீடு. அதோடு ஒப்பிட்டால் நம்முடையது குடிசைதான். டிஸ்க் இமேஜ் புதிதாக உருவானதில் சோதனைக்கு வைத்திருந்த கோப்புகள் எல்லாம் போயின. போகட்டும்.

62-ஐயும் தாண்டினால் வெட்டாமல் மறுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. பாதையை ஒவ்வொரு துண்டாகப் பிரிக்கும் ஃபங்க்ஷனில், பெயர் நீளமானால் பூஜ்யம் திருப்பு என்று எழுதிவைத்தேன். நீளமான பெயரில் கோப்பு உருவாக்கப் பார்த்தேன், மறுத்தது. நல்லது. கோப்பின் உள்ளடக்கத்தைக் காட்டும் 'கேட்' கட்டளைக்கு அதே பெயரைக் கொடுத்துப் பார்த்தால், இல்லாத கோப்பிலிருந்து திரை முழுக்கக் குப்பை கொட்டுகிறது. அந்தக் குப்பைக்கு நடுவே 'இனிட்', 'கிரெப்' என்றெல்லாம் பெயர்கள். அந்த ஃபங்க்ஷனில் பூஜ்யம் என்றால் 'துண்டுகள் முடிந்தன' என்று அர்த்தமாம். பாதை முடிந்துவிட்டது என்று நினைத்து, அதுவரை வந்த டைரக்டரியையே கெர்னல் திறந்து கொடுத்திருக்கிறது. இருந்த பக்கைச் சரிசெய்யப் போய் அதைவிட மோசமான ஒன்றை நானே வைத்தேன். சோதனையை அங்கிருந்து எடுத்து, அதைக் கூப்பிடுகிற இடத்தில் வைத்ததும் அடங்கியது.

மூன்றாவது ஞாயிறு இரவு யூசர்டெஸ்ட்ஸை ஓட்டினேன். எக்ஸ்வி6-இன் சோதனைத் தொகுப்பு அது. ஓடி முடிக்கச் சில நிமிடம் ஆகும். 'ஃபோர்ட்டீன்' என்ற சோதனையில் விழுந்தது. திறந்து பார்த்தால், 15 எழுத்துப் பெயர் கொடுத்தால் அது 14-ஆக வெட்டப்படுகிறதா என்று பார்க்கிற சோதனை. சத்தமில்லாமல் வெட்டுவதுதான் இங்கே எதிர்பார்க்கப்படும் நடத்தை! நான் பக் என்று மூன்று வாரமாகத் துரத்தியதைக் காப்பதற்கு ஒரு காவல்காரனே போட்டிருக்கிறார்கள். மறுப்பதுதான் சரி என்ற என் கட்சியிலேயே நின்று, 63 பைட் பெயரை கெர்னல் மறுக்கிறதா என்று அந்தச் சோதனையை மாற்றி எழுதினேன். பெயரை மட்டும் 'ஃபோர்ட்டீன்' என்றே விட்டுவைத்திருக்கிறேன்.

எல்எஸ் பட்டியலில் தமிழ்ப் பெயர் வந்தால் பக்கத்து எண்கள் இன்னும் கோணலாகத்தான் நிற்கின்றன. பைட்டை எண்ணி இடைவெளி விடுகிறது. அடுத்த ஞாயிறு பார்க்க வேண்டும்.