சூடானால் நிற்கும் வண்டி

மே 6, 2025
மறுபடியும் காவிரிப் பாலத்தில். இருமவில்லை, திணறவில்லை, சுவிட்சை அணைத்த மாதிரி எஞ்சின் ஆஃப். பின்னால் டவுன் பஸ்காரன் ஆரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நாலு மணி நேரம் டயாலிசிஸ் மெஷினில் கிடந்துவிட்டு வந்த அம்மா, ஊசி குத்திய கையை மடியில் வைத்தபடி, "அவசரப்படாதேடி, அது ஆறட்டும்" என்றாள். தாகம் என்று சொல்லவில்லை. உதட்டைப் பார்த்தாலே தெரிந்தது. தண்ணீர் அளந்துதான் குடிக்கலாம் என்பதால், ஃபிளாஸ்கில் இருந்த ஐஸ் கட்டியில் பாதியை உடைத்துக் கொடுத்தேன்.

கால் மணி நேரம் கழித்து ஒரே செல்ஃபில் எடுத்தது.

மே 7
எதிர்வீட்டு சாருக்கு எத்தனால்தான் காரணம். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் அதுதானாம். 78 டிகிரியில் கொதித்துவிடும், 89 மாடல் பத்மினி கார் தாங்குமா என்கிறார். மெக்கானிக் பாய் சொல்வது வேப்பர் லாக், சூட்டில் பெட்ரோல் வழியிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்வது. டீக்கடையில் நின்றவர், பொறிக்குக் கரண்டை ஏற்றிக் கொடுக்கும் காயில் என்றார். ஆளுக்கொரு வைத்தியம். பாய் வந்து பார்த்தபோது வண்டி பூப்போல ஓடி என் மானத்தை வாங்கியது.

ஆட்டோவில் போகலாம் என்றால் அம்மா கேட்பதில்லை. முன்சீட்டு ஒரே நீளம், காலை நீட்டிச் சாயலாம், ஆட்டோவில் அது முடியுமா என்கிறாள். நியாயம்தான்.

மே 8
பெட்ரோல் ட்யூப் உண்மையிலேயே நைந்து போயிருந்தது, விரலால் அழுத்தினால் மெழுகு. மாற்றியாயிற்று. ஃபியூவல் பம்ப்பின் மேல் ஈரத்துணி சுற்றிக்கொண்டு போனோம். வரும்போது மாம்பழச்சாலையில் நின்றது. துணி இன்னும் ஈரமாகவே இருந்தது.

மே 9
அம்மாவின் ரத்தத்தில் பொட்டாசியம் 5.8, அதிகம். இளநீர் கண்ணில் படக்கூடாது என்று நர்ஸ் சொன்னதை அம்மா சிரித்துக்கொண்டே கேட்டாள்.

மே 10
டேங்க் மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பார்த்தேன். மூடியில் காற்றுத் துளை அடைத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் வராது என்று படித்திருந்தேன். அதுவும் இல்லை.

மே 12
இன்று அம்மா இல்லாமல் நான் மட்டும், வெயில் உச்சியில், வேண்டுமென்றே சமயபுரம் பக்கம் போனேன். ஆறின வண்டியை நோண்டி ஒரு பிரயோஜனமும் இல்லை. அது நிற்கும் அந்த நிமிஷத்தில் பார்க்க வேண்டும். இத்தனை நாளாக எல்லாரும் ஆரோக்கியமாக இருக்கும் வண்டிக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நின்றது. ஓரம் கட்டி, பானட்டைத் தூக்கி, ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டருக்குள் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் கம்பியை இழுத்தேன். பெட்ரோல் பீய்ச்சி அடித்தது. அப்படியானால் பெட்ரோல் இல்லை, எத்தனால் இல்லை, வேப்பர் லாக்கும் இல்லை. அடுத்தது கரண்டு. பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் நடு ஒயரைப் பிடுங்கி, ரப்பர் கையுறையோடு எஞ்சின் பிளாக்குக்குக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். அங்கே கரும்புச்சாறு விற்ற தம்பி செல்ஃப் அடித்தான். நீலமாகப் பளீரென்று குதிக்க வேண்டிய பொறி, மஞ்சளாக, நோஞ்சானாக, வந்தும் வராமலும். தம்பி கேட்டான்: "அக்கா, வண்டி வித்துருவீங்களா?"

சந்தோஷத்தில் அவனிடம் ரெண்டு கிளாஸ் வாங்கிக் குடித்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

மே 13
காயில் மாற்றியாயிற்று. பழையதை மீட்டரில் பார்த்தபோது 3 ஓம் காட்டியது. அது சரியான அளவுதான். இருந்தாலும் சூட்டில் உள்ளே விட்டுப்போகலாம் என்று பாய் சொன்னார். போகும்போது நிற்கவில்லை. வரும்போதும் நிற்கவில்லை!

மே 15
நின்றது. அதே பாலம். அம்மாவுக்கு இன்று மெஷினில் மூன்றாவது மணி நேரத்திலேயே பிரஷர் இறங்கி, காலைத் தூக்கி வைத்து, உப்புத் தண்ணீர் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். இந்த வண்டியை எரித்துவிடலாம் போலிருக்கிறது. எதிர்வீட்டு சார் போன் செய்தார். எடுக்கவில்லை.

மே 16
தூக்கம் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள், காயிலின் கரண்டை விட்டுவிட்டு வெட்டும் பாயிண்ட்டும் அதோடு சேர்ந்த கண்டென்சரும் பொங்கலுக்குப் புது செட்டாகப் போட்டதால் யாரும் அந்தப் பக்கமே போகவில்லை. புதுசு என்றால் நல்லது என்று ஒரு நம்பிக்கை.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் பாயிண்ட்டின் முகம் கருநீலமாகத் தீய்ந்திருக்கிறது. பாயிண்ட் திறக்கும்போது அந்த இடத்தில் பொறி பறக்காமல் தாங்குவதுதான் கண்டென்சரின் வேலை. அது தாங்காவிட்டால் பாயிண்ட் தீயும், காயிலில் அழுத்தம் ஏறாது, பிளக்குக்குக் கரண்டு போகாது. கழற்றி மீட்டரில் வைத்தேன்: 0.22 மைக்ரோஃபாரட். ஒரு குறையும் இல்லை. பிறகு அம்மாவின் ஹேர் டிரையரை எடுத்து அதன்மேல் பிடித்தேன். 0.22, 0.21, 0.22, கொஞ்சம் ஆடியது, பிறகு பூஜ்யம். அணைத்து, விசிறிக்கு அடியில் வைத்தால் மறுபடியும் 0.22. நாலைந்து தடவை செய்து பார்த்தேன். அம்மா கட்டிலிலிருந்து, "காலங்காத்தால யாருக்குடி முடி காயவைக்கிற?" என்றாள்.

பாய் பாலக்கரையிலிருந்து பழைய ஸ்டாக் கண்டென்சர் ஒன்று கொண்டுவந்தார், துருப் பிடித்த டப்பாவில். "புதுசு வேணாம் பாப்பா, இதுதான் நிக்கும்." அதையும் டிரையரில் காட்டிவிட்டுத்தான் போட்டேன். அசையவில்லை. புதுப் பாயிண்ட், இடைவெளி அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

மே 17
ஐந்தரைக்கே எழுந்துவிட்டாள். எடை நேற்றைவிட ஒன்றரை கிலோ கூட. மூச்சு கொஞ்சம் வாங்குகிறது. ஃபிளாஸ்க், ஃபைல், போர்வை எல்லாம் எடுத்தாயிற்று. செல்ஃப் அடித்தேன், உடனே எடுத்தது. காலையில் எப்போதும் எடுக்கும், அது கணக்கில் வராது. மத்தியானம் பாலத்தில்