வளவில் ஒலித்த மணிலா பாட்டு

கப்பலில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் விடுப்பில் காரைக்குடி வந்திருந்தான். கூட வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் பிலிப்பைன்ஸ்காரர்களாம். வேலை முடிந்தால் மைக்கும் கையுமாகத்தான் இருப்பார்களாம். அவர்களிடம் கேட்டு வந்த பாட்டுகளை எங்கள் வீட்டு முற்றத்தை ஒட்டிய வளவில் உட்கார்ந்து போட்டான்.

சும்மா சொல்லக்கூடாது, குரல்கள் அபாரம். ஆனால் கிடார், டிரம்ஸ், ஏற்ற இறக்கம் எல்லாமே அமெரிக்க வாடை. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு அமெரிக்கா ஆண்ட நாடு, வேறெப்படி இருக்கும்? 1987-ல் பிலிப்பைன்ஸ் அரசு, பாட்டு ஒலிபரப்பும் வானொலி நிலையங்கள் மணிக்கு நான்கு சொந்த நாட்டுப் பாட்டாவது போடவேண்டும் என்று உத்தரவே போட்டிருக்கிறது.

அங்கீகாரமும் வெளியிலிருந்து வந்தால்தான் செல்லுபடி போல. ஆர்னெல் பினேடா மணிலாவில் வருஷக்கணக்காகப் பாடியவர். 2007-ல் யூடியூபில் பார்த்து அமெரிக்காவின் ஜர்னி குழு கூப்பிட்ட பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தார். அந்தக் குழுவின் பழைய பாடகர் குரலை அச்சாகப் பாடியதற்குக் கிடைத்த பேர் என்பதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தல்.

சரி, பர்மா தேக்குத் தூணில் சாய்ந்துகொண்டு, பெல்ஜியம் கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்து நான் இதைப் பேசுகிறேன்!

அப்புறம் ஃப்ரெடி அகிலாரின் 'அனாக்' போட்டான். 1978-ல் மணிலா பாட்டுப் போட்டியில் முதல் பரிசு கிடைக்காத பாட்டு. பிறகு பல மொழிகளுக்குப் போனது. கிடார்தான், ஆனால் பாடியது அவர்கள் மொழியான தகலாக்கில்.

பாக்கு இடித்துக்கொண்டிருந்த அப்பத்தா உலக்கையை நிறுத்தினார்.

"என்னடா, பெத்தவுக பேச்சைக் கேக்காத பயலைப் பத்தியா பாடுறான்?"

அதேதான்.