குண்டாஸில் இருப்பவருக்கு ஓட்டு உண்டு

2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில் என் தம்பி குண்டாஸில் (குண்டர் தடுப்புச் சட்டம்) சிறைக்குள் இருந்தான். மனு போட்டுச் சிறையில் அவனைப் பார்க்கப் போனபோது, "அக்கா, எனக்கு ஓட்டு உண்டாமே" என்றான். நான் நம்பவில்லை. வக்கீலைக் கேட்டால், உண்டு என்கிறார். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 62(5)-இன்படி சிறையில் இருப்பவர் தண்டனைக் கைதியானாலும் விசாரணைக் கைதியானாலும் ஓட்டுப் போட முடியாது, தடுப்புக் காவலில், அதாவது தண்டனையாக இல்லாமல் முன்னெச்சரிக்கையாக அடைத்து வைக்கப்பட்டவருக்கு மட்டும் விலக்கு, அவருக்குத் தபால் ஓட்டு. குண்டாஸ் தடுப்புக் காவல்தானே.

தேர்தல் நடத்தை விதி 21-இன்படி, தேர்தல் அறிவிக்கை வந்த 15 நாளுக்குள் அரசே இவர்களின் பெயர்களைத் தேர்தல் நடத்தும் அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். அதை நம்பி உட்கார வேண்டாம், அதே கெடுவுக்குள் உள்ளே இருப்பவரே எழுதிக் கேட்கலாம். எங்களுக்கு அறிவிக்கை மார்ச் 20. வாக்காளர் பட்டியலில் அவனுடைய பாகம் எண், வரிசை எண்ணைத் தேடி எடுத்துக் கொடுத்தேன், வீட்டு முகவரியும் எந்தச் சிறை என்பதும் சேர்த்துக் கடிதம் எழுதி சிறை வழியாக அனுப்பினான். நகலோடு நானும் தேர்தல் நடத்தும் அலுவலரின் அலுவலகம் போனேன். அங்கே இருந்தவர் கேட்டார்:

"ஜெயில்ல இருக்கறவனுக்கு ஏதும்மா ஓட்டு?"

விதியை பிரிண்ட் எடுத்து வைத்திருந்ததால் பிழைத்தேன். மேலே கேட்டுவிட்டு வந்து, சீல் குத்தி வாங்கிக்கொண்டார்கள்.

இதில் எனக்கு ஆறவே இல்லாத விஷயம் ஒன்று. பக்கத்து பிளாக்கில் ஜாமீனுக்குப் பணம் புரட்ட முடியாமல் ரிமாண்டில் கிடக்கும் பையனுக்கு ஓட்டு இல்லை, அதே வழக்கில் ஜாமீனில் வெளியே போனவனுக்கு உண்டு. டெல்லி திகார் சிறையில் விசாரணைக் கைதியாக இருந்த காஷ்மீர் அரசியல்வாதி இன்ஜினியர் ரஷீத் அதே தேர்தலில் பாரமுல்லாவில் ஜெயித்தார், நிற்கலாம், ஜெயிக்கலாம், ஆனால் ஓட்டுப் போடக்கூடாது! 1997-இல் உச்ச நீதிமன்றமும் இந்த 62(5) பிரிவு செல்லும் என்று சொல்லிவிட்டது.

சரி, ஓட்டுச் சீட்டு வந்ததும் கவனிக்க வேண்டியது கவர்கள்தான். குறியிட்ட சீட்டு 13பி என்ற படிவ எண் போட்ட சின்ன கவரில், 13ஏ உறுதிமொழிப் படிவம் அதற்கு வெளியே, இரண்டும் சேர்ந்து 13சி பெரிய கவரில். உறுதிமொழியில் சிறைக் கண்காணிப்பாளர் சான்றொப்பம் இல்லையென்றால் சின்ன கவரைப் பிரிக்காமலே தள்ளிவிடுவார்கள், அதனால் கையெழுத்தை அவர் முன்னாலேயே போடச் சொல்லுங்கள். எண்ணிக்கை தொடங்கும் நேரத்துக்குள் கவர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.